மண்டோர் வாங்கித் தந்த பால்

அத்தியாயம் 11

போன வாரம் தம்பி ரூபேந்திரன் பாதிச் சோற்றோடு எழுந்து போன தட்டைக் கடைசியில் யோகேஸ்வரிதான் கழுவினாள்.

அம்மாவால் இப்போது தட்டுக் கழுவ முடியாது. தீபாவளி கழிந்த கையோடு கஸ்தூரியின் வலது கை சும்மா இருக்கும்போதே ஆட ஆரம்பித்தது. தைப்பூசத்துக்குள் இடது கையும் சேர்ந்துகொண்டது. குளுவாங் ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு பார்க்கின்சன் என்றார்கள்.

பெயர் தெரிந்த அன்றே வீடு இரண்டாகிவிட்டது.

"எஸ்டேட்டுல அடிச்ச மருந்துதான். நூத்துக்கு நூறு. அந்த மருந்து டின்ன அம்மா முதுகுல ஏத்திவிட்டது யாரு? இந்த வீட்டுலதான் உக்காந்திருக்காரு" என்றான் மகன் ரூபேந்திரன்.

அப்பா அர்ச்சுனனுக்கு அறுபத்தெட்டு வயது. பாலோ ஊருக்கு உள்ளே ஒரு செம்பனைத் தோட்டத்தில், புல்லைக் கொல்ல மருந்தடிக்கும் பெண்கள் கூட்டத்தை மேய்க்கும் மண்டோராக இருபது வருடம் இருந்தவர். வெயிலில் நின்று கத்திக் கத்தி அவருக்குச் சின்னக் குரலே கிடையாது.

"பதினாறு பொம்பளைங்க. அத்தன பேருக்கும் தினம் பாலு வாங்கிக் குடுத்தவன் நான். பாலு குடிச்சா மருந்து முறிஞ்சிடும். இது அவ குடும்ப ரத்தத்துல வந்தது. அவ சித்தப்பனுக்கும் கை ஆடுச்சு."

சித்தப்பாவின் கை ஆடியது சம்சு சாராயம் குடித்து என்பது தோட்டத்துக்கே தெரியும். அதை அவரிடம் சொல்ல ஆளில்லை.

நடுவில் போய் நின்றவள் யோகேஸ்வரி. வயது முப்பத்தெட்டு. குளுவாங் கையுறைத் தொழிற்சாலையில் பதிமூன்று வருடமாகத் தரம் பார்க்கிற வேலை. ரப்பர் கையுறைக்குள் ஒரு லிட்டர் தண்ணீர் ஊற்றித் தொங்கவிட்டு, இரண்டு நிமிடம் பார்ப்பார்கள். சொட்டினால் ஓட்டை. சொட்டாவிட்டால் நல்லது. அதில் யார் குரல் பெரிது என்ற பேச்சே வராது. அதனால்தான் அவளுக்கு அந்தத் தைரியம் வந்தது.

"இதப் பத்தி ஆராய்ச்சி பண்ணி எழுதி வச்சிருக்காங்க. நான் எல்லாத்தையும் படிச்சுட்டுச் சொல்றேன். ஒரு வரி மறைக்க மாட்டேன். ஆனா என்ன வந்தாலும் நீங்க ரெண்டு பேரும் ஏத்துக்கணும். அதுக்கப்புறம் இந்தச் சண்ட இருக்கக் கூடாது."

இரண்டு பேரும் உடனே சரி என்றார்கள். இரண்டு பேருக்கும் தான் ஜெயிக்கப் போவது நிச்சயம்.

கஸ்தூரி மட்டும் மகளைத் தனியாக அழைத்துச் சொன்னாள். "மருந்தோ ரத்தமோ, எனக்கு ஒண்ணும் இல்ல யோகேசு. என் கை கரண்டி புடிக்கிற வரைக்கும் அவங்க ரெண்டு பேரையும் ஒண்ணா உக்கார வச்சு நான் சோறு போடணும். அதுக்கு ஏதாச்சும் பண்ணு."

பத்தொன்பது நாள் ஆயிற்று. இன்று காலை ஜொகூர் பாருவில் பெரிய டாக்டரைப் பார்ப்பது. மதியம் ரூபேந்திரன் வருவான். அவள் சொல்ல வேண்டும்.

*

காரில் அர்ச்சுனன் முன்னால் உட்கார்ந்து வழி நெடுகப் பேசிக்கொண்டே வந்தார்.

"காளியம்மாவ எடுத்துக்க. உங்கம்மாவ விட ரெண்டு வருஷம் கூட அடிச்சவ. இன்னிக்கும் கோயிலுக்கு நடந்துதான் போறா. கல்லு மாதிரி இருக்கா. மருந்துதான் காரணம்னா அவளுக்கு ஏன் வரல?"

"ஒரு கையுறை சொட்டலன்னா பொட்டியே நல்லதுன்னு ஆயிடுமாப்பா?"

"உன் கம்பெனிக் கதைய விடு. நான் மனுஷங்களச் சொல்றேன்."

"தங்கராஜு அண்ணன் சம்சாரம் நாப்பத்தஞ்சு வயசுல போனாங்களே. அவங்களும் மருந்துதானே அடிச்சாங்க."

"அது நுரையீரல்."

அதைச் சொன்னதும் அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். பின் சீட்டில் கஸ்தூரி இடது கையால் வலது கையை அமுக்கிப் பிடித்திருந்தாள். இரண்டும் சேர்ந்து ஆடின. கண்ணாடியில் அதைப் பார்க்காமல் இருக்க யோகேஸ்வரி முன்னால் போகிற லாரியையே பார்த்து ஓட்டினாள்.

டாக்டர் ஜெரால்டினுக்கு நாற்பது வயதுக்குள்தான் இருக்கும். கழுத்தில் சின்னச் சிலுவை. தமிழில் பேசுகிறார் என்று தெரிந்ததும் அர்ச்சுனன் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

டாக்டர் கஸ்தூரியை நடக்கச் சொன்னார். கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் தட்டச் சொன்னார். காகிதத்தில் ஒரு சுருள் வரையச் சொன்னார். முதல் சுற்று சரியாக வந்தது. மூன்றாவது சுற்றில் கோடு நொறுங்கிப் போனது.

"முன்னாடி என்ன வேல பாத்தீங்க ஆன்ட்டி?"

"வெளிக்காட்டு வேலதான் டாக்டர். புல்லு வெட்டுறது, உரம் போடுறது" என்று அர்ச்சுனன் முந்தினார்.

"ஆன்ட்டியத்தான் கேட்டேன் அங்கிள்."

"மருந்து அடிச்சேன்" என்றாள் கஸ்தூரி. அவள் குரல் இப்போதெல்லாம் பக்கத்து அறையிலிருந்து வருவது போல வருகிறது. "பதினாலு வருஷம்."

"என்ன மருந்து?"

"பேரெல்லாம் தெரியாது. நீலமா இருக்கும். துணியில பட்டா போகாது."

"இப்ப தடை பண்ணிட்டாங்களே டாக்டர், அந்தப் புல்லு மருந்து, பாராகுவாட்" என்றாள் யோகேஸ்வரி.

டாக்டர் தட்டச்சு செய்வதை நிறுத்தினார். கஸ்தூரியின் கைகளை ஒரு முறை பார்த்தார். பிறகு மறுபடி தட்டினார்.

"அதனாலதான் வந்துச்சா?" யோகேஸ்வரி கேட்டாள். பத்தொன்பது நாளாக வைத்திருந்த கேள்வி.

"வந்திருக்கலாம். அது இல்லாமலும் வந்திருக்கலாம். ஆயிரம் பேர எடுத்துக்கிட்டா அதுல எத்தன பேருக்கு வரும்னு ஓரளவு சொல்லலாம். ஆன்ட்டிக்கு எதனால வந்துச்சுன்னு கண்டுபுடிக்க ரத்தப் பரிசோதனை கிடையாது, ஸ்கேன் கிடையாது. நிச்சயமா இதான்னு யாராச்சும் சொன்னா, அவங்களுக்கும் தெரியாதுன்னு வச்சுக்குங்க."

"தெரிஞ்சா வைத்தியம் மாறுமா?"

"மாறாது. இதே மாத்திரதான்."

"மாத்திர சாப்பிட்டா சரியாப் போயிடுமா?" என்று கஸ்தூரி கேட்டாள்.

டாக்டர் அவள் பக்கம் திரும்பி உட்கார்ந்தார். "இத நிறுத்துறதுக்கு எங்ககிட்ட மருந்து இல்ல ஆன்ட்டி. நடுக்கம் குறையும். கொஞ்ச வருஷம் நல்லா இருப்பீங்க. அப்புறம் மாத்திர வேல செய்யிற நேரம் குறைஞ்சுக்கிட்டே வரும்."

கஸ்தூரி தலையாட்டினாள். பேருந்து இனி இந்தப் பக்கம் வராது என்று சொன்னால் ஆட்டுவது போல.

"டாக்டர், ஒரு சந்தேகம்" என்றார் அர்ச்சுனன். "பாலு குடிக்கிறது எப்படி?"

"பால் நல்லதுதான் அங்கிள். மாத்திரையோட சேத்துக் குடிக்க வேண்டாம். ஒரு மணி நேரம் விட்டுக் குடிக்கச் சொல்லுங்க."

வெளியே வந்ததும் அவர் மகளின் தோளைத் தட்டினார். "கேட்டியா? பாலு நல்லதுன்னு டாக்டரே சொல்லிட்டாங்க."

"இப்பக் குடிக்கிறதச் சொன்னாங்கப்பா."

"அப்பக் குடிச்சதும் இதே மாட்டுப் பாலுதானே?"

யோகேஸ்வரி மாத்திரைச் சீட்டை வாங்கிக்கொண்டு மருந்து வாங்கும் வரிசைக்குப் போனாள்.

திரும்பும் வழியில் சாப்பிட நிறுத்தினார்கள். கஸ்தூரி கையை மேசைக்கு அடியில் வைத்துக்கொண்டாள். பக்கத்து மேசையில் ஆள் இருந்தது. அர்ச்சுனன் தோசையைச் சின்னச் சின்னதாகப் பிய்த்துச் சாம்பாரில் ஊறவைத்து அவள் பக்கம் தள்ளினார். தேத்தண்ணியை அரைக் குவளையாக ஊற்றி வைத்தார். அவள் குவளையைத் தூக்கியபோது, ஏதோ பேச வருகிறவர் போல அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். குடித்து முடிக்கும் வரை விடவில்லை.

இந்த மனுஷனிடம்தான் மதியம் பேச வேண்டும் என்று யோகேஸ்வரி நினைத்தாள். அவள் கைப்பையில் ஏழு பக்கம் இருந்தது. கடைசிப் பக்கத்தை மட்டும் நான்காக மடித்துத் தனியாக வைத்திருந்தாள்.

*

மூன்று மணிக்கு ரூபேந்திரன் மோட்டாரில் வந்தான். சிங்கப்பூரில் கிடங்கு வேலை. தினமும் விடிவதற்குள் எழுந்து பாலம் தாண்டுகிறவன். ஓய்வு நாளில் இங்கே வந்திருந்தான். ஹெல்மெட்டைக் கையில் வைத்துக்கொண்டு வாசலிலேயே நின்றான்.

"உள்ள வா தம்பி. மீன் கொழம்பு வச்சிருக்கு. அக்காதான் வச்சா" என்றாள் கஸ்தூரி.

"அக்கா சொல்லட்டும்மா. அப்புறம் சாப்பிடறேன்."

வாசலை ஒட்டி ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தான். அர்ச்சுனன் எதிர்ச் சுவரோரம். இருவரும் மின்விசிறியைப் பார்த்தார்கள்.

யோகேஸ்வரி காகிதங்களை மடியில் பிரித்தாள். தொழிற்சாலையில் மேனேஜர் முன்னால் அறிக்கை வாசித்திருக்கிறாள். இங்கே முதல் பக்கத்தை இரண்டு முறை சரிசெய்து வைத்தாள்.

"மொதல்ல ரூபன் சொன்னது. மருந்து அடிச்சவங்களையும் அடிக்காதவங்களையும் வச்சுப் பாத்திருக்காங்க. ஒரு ஆராய்ச்சியில, அடிச்சவங்களுக்கு இந்த நோய் ரெண்டு மடங்குக்கு மேல வந்திருக்கு."

"முடிஞ்சுதுலா கேஸ்" என்றான் ரூபேந்திரன்.

"முடியல, இரு. இன்னும் பெரிய கூட்டத்த எடுத்து, ரொம்ப வருஷம் கழிச்சுப் பாத்திருக்காங்க. அதுல அந்த வித்தியாசம் தெரியல."

அர்ச்சுனன் மின்விசிறியை விட்டுவிட்டு மகனைப் பார்த்தார். "கேட்டுக்க."

"கம்பெனிக்காரன் காசு குடுத்து எழுதுனதா இருக்கும்."

"அப்படி எழுதுனதும் இருக்கு. அதத் தனியா எடுத்து வச்சுட்டேன். இது அது இல்ல."

"அப்ப என்னதான்க்கா சொல்ல வர்ற?"

"சம்பந்தம் இருக்கலாம்னு படிச்சவங்க நெறயப் பேரு நெனைக்கிறாங்க. முடிவாகல. அப்படியே முடிவானாலும் அம்மாவுக்கு அதனாலதான்னு யாராலயும் சொல்ல முடியாது. இப்பப் பாரு, ஒரு பொட்டியில எத்தன கையுறை ஓட்டையா இருக்கும்னு நான் சொல்லிடுவேன். எதுன்னு சொல்ல முடியாது."

"அம்மா கையுறை இல்லக்கா."

அவள் பக்கத்தைத் திருப்பினாள்.

"அப்பா சொன்னது ரெண்டாவது. இது பரம்பரையா வர்றது கொஞ்சப் பேருக்குத்தான். பெரும்பாலும் அப்படி இல்ல."

"கொஞ்சப் பேருக்கு வருதுல்ல?"

"வருதுப்பா."

"அது போதும்."

பத்தொன்பது நாள். மதியச் சாப்பாட்டு நேரமெல்லாம் போனது. முதல் இரண்டு நாள் ஒரு பக்கம் தாண்ட முடியவில்லை. ஒரு சொல்லுக்குப் பத்துச் சொல் தேடினாள். எதற்காக? ரூபேந்திரன் இரண்டு மடங்கை எடுத்துச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டான். அப்பா வித்தியாசம் இல்லை என்பதை எடுத்துக்கொண்டார். நடுவில் இருந்ததை எடுக்க யாரும் வரவில்லை. சொட்டினால் ஓட்டை என்று ஆரம்பித்தவள் அவள்தான். அந்த எண்ணமும் இதில் நிற்கவில்லை என்பது அவளுக்கு இப்போது தெரிந்தது.

"பாலப் பத்தி என்ன எழுதியிருக்கு?" அர்ச்சுனனே கேட்டார்.

கேட்காமல் இருக்கக் கூடாதா என்று இருந்தது.

"பாலு குடிச்சா மருந்து முறியும்னு எங்கயும் இல்லப்பா. நான் தேடுன வரைக்கும் ஒண்ணும் கெடைக்கல."

"இல்லன்னா எப்படி? பாத்துட்டு இல்லன்னு சொன்னாங்களா, யாருமே பாக்கலயா?"

அவள் நிமிர்ந்து பார்த்தாள். பதிமூன்று வருடத்தில் எந்த அதிகாரியும் அவளிடம் இவ்வளவு சரியாகக் கேட்டதில்லை. நான்காம் வகுப்போடு நின்ற மனுஷர்.

"யாரும் பாத்த மாதிரி தெரியல" என்றாள். "ஆனா தோலு வழியா உள்ள போனத, வயித்துக்குள்ள போற பாலு எப்படிப்பா கழுவும்?"

அர்ச்சுனன் தன் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார்.

"மடிச்சு வச்சிருக்கியே, அது என்ன?" என்றான் ரூபேந்திரன்.

"அது ஒண்ணும் இல்ல."

"ஒரு வரி மறைக்க மாட்டேன்னு சொன்னது நீதான்க்கா."

உண்மைதான். கைப்பையிலிருந்து எடுத்துப் பிரித்தாள். நான்கு மடிப்பும் காகிதத்தில் சிலுவையாக விழுந்திருந்தது. நின்று வாசித்தால் சீக்கிரம் முடியும் என்பது போல எழுந்து நின்றாள்.

"இன்னொரு ஆராய்ச்சி. மருந்து அடிச்சவங்களையே ரெண்டாப் பிரிச்சுப் பாத்திருக்காங்க. கையில கையுறை போட்டுக்கிட்டு அடிச்சவங்க, போடாம அடிச்சவங்கன்னு. போடாதவங்ககிட்டதான் அந்த நோய் கூடுதலாத் தெரிஞ்சிருக்கு. போட்டவங்ககிட்ட அப்படித் தெரியல."

அவள் காகிதத்தைப் பழைய மடிப்பிலேயே மடித்தாள்.

"இதுவும் ஒரே ஒரு ஆராய்ச்சிதான்" என்று அவசரமாகச் சேர்த்தாள்.

"நம்ம தோட்டத்துல கையுறை குடுத்தாங்களா?" ரூபேந்திரன் அப்பாவைப் பார்த்துத்தான் கேட்டான். மூன்று வாரத்தில் அவரிடம் நேராகக் கேட்டது இதுதான்.

அவருக்கு முன்பே கஸ்தூரி பேசினாள்.

"கேட்டோம். தொண்ணூத்தொண்ணுல. ஏழு நாள் ஒருத்தியும் டின்னத் தூக்கல. உங்கப்பாதான் முன்னால நின்னாரு. கையுறை, மொகமூடி, பாலு. மூணும் வேணும்னு கேட்டாரு. ஏழாவது நாளு தோட்டத்து மேனேஜர் தொரை எறங்கி வந்தாரு. எல்லாம் குடுக்க முடியாது, கையுறையும் மொகமூடியும் வேணுமா, பாலு வேணுமா, ஏதாச்சும் ஒண்ணு, நாளைக்குப் பெரட்டுல ஆளுங்ககிட்டக் கேட்டுச் சொல்லுன்னு போயிட்டாரு."

பெரட்டு என்பது விடியற்காலையில் எல்லோரையும் வரிசையில் நிறுத்திப் பெயர் கூப்பிடுகிற இடம். யோகேஸ்வரிக்கு அந்த இடம் நினைவில்லை. அப்போது அவளுக்கு நான்கு வயது. ரூபேந்திரன் தவழ்ந்துகொண்டிருந்தான்.

"உங்கப்பா கை தூக்கச் சொன்னாரு. பாலுக்கு மொதக் கையத் தூக்குனவ நான். அந்த வெயிலுல ரப்பர் கையுறைய யாரு போடுவா? கைக்குள்ள வேர்வை கொளம் கட்டும். பாலுன்னா பாலு. பதினாறு கையும் மேல போச்சு."

"அவளா தூக்கல" என்றார் அர்ச்சுனன். முதல் தடவையாக அவர் குரல் சின்னதாக இருந்தது. "மொத நாளே லயத்து வீட்டுல சொல்லி வச்சேன். நீ மொதல்ல தூக்கு, பாத்துட்டு மத்தவளுக தூக்குவாளுகன்னு. கையுறை கேட்டா தொரை மறுபடியும் இழுப்பாரு. பாலு கையில கெடைக்கிற சரக்கு. நல்ல சத்து. நான் தப்பா நெனைக்கல."

ரூபேந்திரன் எழுந்துவிட்டான். ஹெல்மெட் கையிலிருந்தது. "பாலுக்குப் பதிலா அம்மா கைய வித்துட்டு வந்திருக்கீங்க. அதுவும் தினம் குடிக்க வச்சு. பெரும வேற."

"உக்காரு தம்பி" என்றாள் கஸ்தூரி. "எனக்குன்னு யாரு சொன்னா? அந்தப் பாலு எனக்கு இல்ல."

அவள் ஏன் அதைச் சொன்னாள் என்று யோகேஸ்வரி பிறகு பல நாள் யோசித்தாள். மகன் வாசல் தாண்டிவிடுவான் என்ற பயம்தான். அவனை உட்கார வைக்க அவளிடம் இருந்த கடைசிப் பிடி அது.

"உனக்கு அப்ப ஒரு வயசு. எங்கிட்டப் பாலு வத்திப் போச்சு. மருந்து வாடைக்கு எனக்குச் சோறு எறங்காது. உனக்கு வெறும் கஞ்சித் தண்ணி. எலும்பா இருப்ப. தோட்டத்துல ஊத்துன பால, குடிக்கிற மாதிரி வாயில வச்சுட்டு, மரத்துக்குப் பின்னால போயி ஊத்தி வச்சுக்குவேன். சாயங்காலம் வந்து உங்க ரெண்டு பேருக்கும் பாதி பாதி. நான் ஒரு நாளும் குடிச்சதில்ல."

ரூபேந்திரன் உட்கார்ந்தான். விழுந்தான் என்றும் சொல்லலாம்.

அர்ச்சுனன் மனைவியையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஒரு நாளும் குடிக்கலயா?"

"இல்லங்க."

"மத்தவளுக குடிச்சாளுகளே."

"அவளுக குடிச்சாளுக."

அவர் முகத்தில் என்னவோ மாறியது. முதலில் யோகேஸ்வரிக்கு அது அழுகை என்று பட்டது. முப்பத்தைந்து வருடமாக நெஞ்சில் வைத்திருந்த ஒன்று இப்போது உடையப் போகிறது, உடைந்தால் மகன் எழுந்து போய் அவர் பக்கத்தில் நிற்பான், அதற்கப்புறம் எல்லாரும் சாப்பிட உட்காரலாம் என்று ஒரு நொடி நம்பினாள்.

அது அழுகை இல்லை. மனுஷருக்கு மூச்சு வந்திருந்தது.

"அதான்" என்றார் அர்ச்சுனன். "அதான் காளியம்மாவுக்கு வரல. உனக்கு வந்துச்சு. நான் வாங்கிக் குடுத்தத நீ குடிச்சிருந்தா வந்திருக்காது."

"அப்பா" என்றாள் யோகேஸ்வரி. "இப்பத்தானே சொன்னேன். பாலுக்கும் மருந்துக்கும்..."

"நீ படிச்சதுல யாரும் பாக்கலன்னுதானே சொன்ன? நான் பாத்திருக்கேன். பதினாறு பேரு. குடிச்சவ நடக்கிறா. குடிக்காதவ ஆடுறா. இதுக்கு மேல என்ன ஆராய்ச்சி வேணும்?"

"தங்கராஜு அண்ணன் சம்சாரம் குடிச்சாங்களே?"

"அது நுரையீரல்னு காலையிலயே சொன்னேன்."

"அம்மாவப் பாத்து இப்படிச் சொல்லாதீங்க. அவங்க குடிச்சிருந்தாலும் இதேதான் ஆகியிருக்கும். பாலு ஒண்ணும் பண்ணாதுப்பா."

"விடு யோகேசு" என்றாள் கஸ்தூரி. "அவரு சொல்றது சரியா இருக்கும். நான் குடிச்சிருக்கணும். கொஞ்சமாச்சும் குடிச்சுட்டு மிச்சத்த எடுத்துட்டு வந்திருக்கணும்."

அதை அவள் வருத்தமாகக்கூடச் சொல்லவில்லை. உலையில் உப்புப் போட மறந்துவிட்டேன் என்று சொல்லும் குரல்தான். பத்தொன்பது நாள் படித்த மகளை விட, நாற்பத்தொரு வருடம் கூட வாழ்ந்த மண்டோரை அவள் நம்பினாள். யோகேஸ்வரிக்குக் காகிதங்களைக் கிழித்துப் போடலாம் போல இருந்தது. கிழித்தாலும் ஒன்றுதான், வைத்திருந்தாலும் ஒன்றுதான்.

ரூபேந்திரன் தலையைத் தூக்கவில்லை. அவனுக்குத் திட்ட ஆள் இல்லாமல் போய்விட்டது. அப்பா வாங்கித் தந்தார், அம்மா கொண்டு வந்தாள், குடித்தது அவன். "நான் கேட்டேனா?" என்று தரையைப் பார்த்துச் சொன்னான். "எனக்குன்னு நான் கேட்டேனா?"

"கொழந்த எப்படிடா கேக்கும்" என்றாள் கஸ்தூரி.

யோகேஸ்வரிக்கு அந்தப் பால் நினைவிருந்தது. சாயங்காலம், சிமென்டுப் படி, நெளிந்த அலுமினியக் குவளை. அந்தப் பாலில் ஒரு வாடை இருக்கும். கசப்பும் இல்லாத புளிப்பும் இல்லாத வாடை. பள்ளிக்கூடத்தில் முதல் தடவை பாக்கெட் பால் குடித்தபோது இதில் ஏன் அந்த வாடை இல்லை என்று டீச்சரிடம் கேட்டிருக்கிறாள். பால் என்றால் அப்படித்தான் இருக்கும் என்று அதுவரை நினைத்திருந்தாள்.

தரம் பார்க்கிற புத்தி வேலை செய்துவிட்டது. வாயை மூட அவளுக்கு நேரம் இருக்கவில்லை.

"எதுலம்மா ஊத்திக் கொண்டு வந்தீங்க?"

"எத?"

"பால. மரத்துக்குப் பின்னால போயி ஊத்தி வச்சேன்னு சொன்னீங்களே. எதுல?"

கஸ்தூரி யோசித்தாள். முகத்தில் ஒளிவு மறைவு எதுவும் இல்லை. "போத்தல்லதான். மூடி நல்லா இறுக்கமா இருக்கும், சொட்டாது. மண்ணெண்ணெய்க்கு வேணும்னு சொல்லி இவருகிட்டத்தான் ஸ்டோர்ல இருந்து காலி போத்தல் வாங்குனேன்."

அர்ச்சுனன் மெல்லத் திரும்பினார். மருந்து ஸ்டோரின் சாவி இருபது வருடம் அவர் இடுப்பில்தான் தொங்கியது. அங்கே எந்தக் காலிப் போத்தல் இருக்கும் என்று அந்த அறையில் அவருக்கு மட்டும் தெரிந்திருந்தால் பரவாயில்லை. மூன்று பேருக்கும் தெரிந்தது.

"சும்மா ஊத்தலடா" என்றாள் கஸ்தூரி. மூன்று முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். "சாம்பல் போட்டு மூணு தடவ கழுவினேன். வெந்நீர் ஊத்திக் கவுத்து வச்சேன். நீல நெறம் போற வரைக்கும் கழுவினேன்."

ரூபேந்திரன் வாய் திறப்பான் என்று யோகேஸ்வரி காத்திருந்தாள். நூத்துக்கு நூறு என்று சொல்ல அவனால்தான் முடியும். அவன் சொல்லவில்லை. பாலு நல்ல சத்து என்று அர்ச்சுனன் சொல்லவில்லை.

கஸ்தூரியின் கைகள் மடியில் வேகம் பிடித்தன. அவற்றை அமுக்கப் பார்த்தாள், முடியவில்லை, அப்படியே விட்டுவிட்டாள். மகளின் மடியில் கிடந்த காகிதங்களைக் கண்ணால் காட்டினாள்.

"அந்தப் போத்தல் பாலப் பத்தியும் எழுதி வச்சிருப்பாங்களா யோகேசு?" என்று கேட்டாள். "நீ பாத்துச் சொல்லு. எதுவா இருந்தாலும் எங்கிட்டச் சொல்லு."